இருக்கிறதுலேயே சின்னதா ரெண்டு

மனைவியை ஒரே ஒரு தடவை மலைக்குக் கூட்டிப்போய், இனி ஜென்மத்துக்கும் அவள் மலை என்ற பேச்சையே எடுக்காதபடி செய்துவிடுவது என்று டைம்கீப்பர் ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவெடுத்தார். முடிவெடுத்த கையோடு அடுத்தடுத்து இரண்டு டீ குடித்தார். மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவர் பார்க்கும் வேலை அப்படி. பேருந்து நிலையத்துக் கண்ணாடிக் கூண்டில் மைக்கும் விசிலுமாக உட்கார்ந்து, நாள் முழுக்க வண்டிகளை ஊர் ஊராகக் கிளப்பிவிடுபவர். மூட்டை முடிச்சு, வாந்தி, ஜன்னல் சீட்டுச் சண்டை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து, பயணம் என்றாலே அவருக்கு ஆகாது. மிட்டாய்க்கடைக்காரனுக்கு மிட்டாய் பிடிக்காது என்பார்களே, அந்தக் கதைதான். ஊரையே வண்டி ஏற்றி அனுப்பியவர், கட்டிய மனைவியை இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட ஏற்றியதில்லை.

அந்த அம்மாள் மழலைப் பள்ளியில் டீச்சர். நகை கேட்டவள் இல்லை, பட்டுப்புடவை கேட்டவள் இல்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

"ஒரு தடவை மலைக்குப் போகணுங்க. காலையில கண்ணு முழிச்சா, படுத்த இடத்துலேருந்தே ஜன்னல் வழியா பனிமூட்டம் தெரியணும். பக்கத்துல நீங்க இருக்கணும். போதும்."

வருஷா வருஷம் கேட்டாள். வருஷா வருஷம் டைம்கீப்பர் ஒரு காரணம் சொன்னார். லீவு இல்லை. முட்டி வலி. மழைக்காலம். மழைக்காலம் முடிந்துவிட்டால், "மழையில்லாம மலையில என்னத்தப் பாக்கிறது?"

டீச்சரம்மாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளை அவள் அடிக்க மாட்டாள், கத்த மாட்டாள். எந்த வாண்டாவது சாக்பீஸ் டப்பாவை ஒளித்துவைத்தால், மூன்று தடவை அன்பாகக் கேட்பாள். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு விரலை மடக்குவாள். மூன்று விரலுக்குள் உண்மையைச் சொன்னால் மன்னிப்பு. இல்லாவிட்டால் ஒரு ஆட்டம் வெளியே உட்கார வேண்டும். அழுதாலும் சரி, தரையில் புரண்டாலும் சரி, நாலாவது விரல் கிடையாது. இதைச் சாயங்காலம் அவள் வந்து சொல்லும்போதெல்லாம் டைம்கீப்பர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

"பாவம் அந்த வாண்டுங்க. நானா இருந்தா முதல் விரல்லயே உஷாராயிருப்பேன்."

இருந்தாரா என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

அவருக்குக் கிடைத்த ஆயுதம் ஒரு பேருந்தின் முதுகில் ஒட்டியிருந்த விளம்பரம். குளுகுளு மலைநகரத்தில் கேப்சூல் ஹோட்டலாம். அறை கிடையாது, பெட்டி. அடுக்கடுக்காகப் பெட்டிகள், அதற்குள் ஆள் ஊர்ந்து போய்ப் படுக்க வேண்டும். படத்தைப் பார்த்ததுமே டைம்கீப்பருக்குப் பிணவறை ஞாபகம்தான் வந்தது. ஆஹா, இது போதுமே! ஒரு ராத்திரி இதில் படுத்தால் எந்த மனைவியும் கையெடுத்துக் கும்பிட்டு வீடு திரும்பிவிடுவாள். உடனே போனைப் போட்டார்.

"ரெண்டு பேருக்கு, ரெண்டு நாளைக்கு இடம் வேணும்மா."

வரவேற்பில் இருந்த பெண்ணுக்குத் தேன் குரல். "தம்பதியா சார்? ஜோடிப் பெட்டி ஒண்ணே ஒண்ணு காலியா இருக்கு. நல்ல அகலம். பெரிய ஜன்னல். படுத்துக்கிட்டே பள்ளத்தாக்கு முழுசும் பாக்கலாம்."

டைம்கீப்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ, ஜன்னலெல்லாம் வேணாம்மா!"

"சார்?"

"தனித்தனியா குடு. ஜன்னல் இருக்கவே கூடாது. இருக்கிறதுலேயே சின்னதா ரெண்டு."

"தனின்னா ஆம்பளைங்க ஒரு மாடி, பொம்பளைங்க ஒரு மாடி சார். ராத்திரி பாத்துக்கக்கூட முடியாது."

"ரொம்ப நல்லது."

"இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்ல சார்."

"அதான் நான் கேக்குறேன்ல?"

விஷயத்தைக் கேட்ட டீச்சரம்மாவுக்கு வாயெல்லாம் பல். அலமாரியின் அடியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து உதறி, மூன்று நாள் வெயிலில் காயப்போட்டாள். டைம்கீப்பருக்கு லேசாக உறுத்தத்தான் செய்தது. உறுத்தலை அன்றைய மூன்றாவது டீயில் கரைத்துக் குடித்துவிட்டார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அவர் குளித்துவிட்டு வரும்போது, டீச்சரம்மா அவருடைய போனை மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு போன்ல?"

"ராங் நம்பர் மாதிரி இருந்துச்சு." பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, ஹோட்டல்ல ஜன்னல் இருக்குமில்ல?"

"மலையில ஜன்னல் இல்லாத வீடு உண்டா? கேக்குறா பாரு கேள்வி."

டீச்சரம்மா சுண்டுவிரலை மடக்கினாள். துணி எண்ணுகிறாள் என்று டைம்கீப்பர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் வண்டி மலை ஏறியது. ஏழாவது கொண்டை ஊசி வளைவில் அவள் அவர் தோளில் மெல்லச் சாய்ந்தாள்.

"என்கிட்ட சொல்ல வேண்டியது ஏதாவது இருக்காங்க?"

"இருக்கு. குமட்டினா முன்கூட்டியே சொல்லு. சட்டைப் பையில கவர் வெச்சிருக்கேன்."

மோதிரவிரல் மடங்கியது. வளைவுகளை எண்ணுகிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டு டைம்கீப்பர் தூங்கிப்போனார்.

ஹோட்டலுக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் நாலு மணி. செருப்பைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைக்கடிகாரம்போல மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். சுவர் முழுக்க, சத்தம் போடாதீர்கள், தூங்குகிறவர்களை எழுப்பாதீர்கள் என்று எழுதிப்போட்டிருந்தார்கள். டீச்சரம்மா எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தாள். பிறகு அவரைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டாள்.

"கடைசியா கேக்குறேன். கோவிச்சுக்க மாட்டேன். ஒண்ணா இருக்கிற மாதிரி இடமே இல்லைன்னாங்களா?"

அவள் கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது. டைம்கீப்பருக்குத் தொண்டை வரைக்கும் உண்மை வந்துவிட்டது. அங்கேயே சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் இருபத்தாறு வருஷப் பழக்கம் விடுமா?

"ஊரே நிரம்பி வழியுதும்மா. கால்ல விழாத குறையா கெஞ்சி இதை வாங்கினேன்."

நடுவிரலும் மடங்கியது. "சரிங்க," என்றாள். லிப்டில் ஏறினாள். கதவு மூடும்வரை அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

டைம்கீப்பரின் பெட்டி கீழ்த்தட்டில், கழிப்பறைக்குப் பக்கத்தில். உள்ளே போகும்போது ஒரு தடவை தலையில் இடித்துக்கொண்டார். போர்வையை எடுக்கும்போது ஒரு தடவை. எங்கே இடித்தோம் என்று எட்டிப் பார்த்தபோது இன்னொரு தடவை. ஒரு விளக்கு, ஒரு கொக்கி, இழுத்துவிட ஒரு திரை, அவ்வளவுதான். இருக்கட்டும். நமக்கே இப்படி என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? "என்னங்க, வீட்டுக்குப் போயிடலாங்க" என்று எந்த நிமிஷமும் போன் வரும். போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஏழு ஆனது, எட்டு ஆனது. போன் வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

வழக்கம்போல் காலை நாலரைக்கு விழிப்பு வந்தது. வழக்கம்போல், "டீ போடுறியா?" என்று பக்கத்தில் கையை நீட்டினார். பிளாஸ்டிக் சுவர் சில்லென்று கையில் பட்டது. இருபத்தாறு வருஷமாக இந்த நாலரை மணிக் கையால்தான் அவள் எழுந்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அதற்கப்புறம் தூக்கம் பிடிக்கவில்லை. ஆறு மணி வாக்கில் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். விடிகிற நேரம். பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம் பால் பொங்குவதுபோல் பொங்கி எழுந்துகொண்டிருந்தது. கீழே இருந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எத்தனை ஆயிரம் பேரை இங்கே அனுப்பியிருக்கிறார்! எதற்குப் போகிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"அடடா, இங்க பாரேன்!" என்று திரும்பினார். தண்ணீர்த் தொட்டிதான் நின்றது.

அவளைக் கூப்பிட்டார். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. திமுதிமுவென்று படியிறங்கி வரவேற்புக்கு ஓடினார்.

"அம்மா, மூணாவது மாடியில என் வீட்டம்மா இருக்கா. கொஞ்சம் எழுப்பு. பனி கலையறதுக்குள்ள மாடிக்கு வரச் சொல்லு."

"தூங்குறவங்களை எழுப்பக் கூடாது சார். சட்டம்." தேன் குரல் இப்போது மெல்லச் சிரித்தது. "அவங்க எதுக்கு மாடிக்கு வரணும்? படுத்துக்கிட்டே பாப்பாங்களே. ஜன்னல் பெட்டிதானே அவங்களுது?"

"ஜன்னலா? நான் வேணாம்னு சொன்னேனே?"

"நீங்க சொன்னீங்க சார். ரொம்ப விசித்திரமா இருந்துச்சேன்னு சரிபாக்க முந்தாநாள் போன் பண்ணேன். மேடம்தான் எடுத்தாங்க. நீங்க சொன்னதையெல்லாம் சொன்னேன். 'அப்படியா சொன்னார்?'னு கேட்டாங்க. அப்புறம், 'எனக்கு மட்டும் ஜன்னல் வெச்சது குடும்மா. அவர் கேட்டதை அவருக்கே குடுத்துடு'ன்னாங்க."

ராங் நம்பர். துணி. வளைவு. மூன்று விரல்கள். ஐயோ, அவள் எண்ணியது என்னையா?

"அம்மா, அந்த ஜோடிப் பெட்டி... இன்னிக்கு ஒரு ராத்திரிக்காவது..."

"நேத்து வரைக்கும் காலியாத்தான் சார் இருந்துச்சு. உங்களுக்கு மேல் பெட்டியில ஒரு மோட்டார் பம்ப் கம்பெனிக்காரர் படுத்திருந்தார். ராத்திரியே எழுந்து வந்து, கீழ ஆள் படுத்திருக்கா, இல்ல ஜெனரேட்டர் ஓடுதான்னு சண்டை. உங்க குறட்டை தாங்காம அவர் அதுக்கு மாறிட்டார்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

டீச்சரம்மா கீழே இறங்கி வந்தபோது மணி பத்து. முகம் பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தது. கூடவே, இவர்கள் ஊரிலிருந்தே வந்திருந்த மூன்று பெண்கள்: ஒரு பல் டாக்டர், ஒரு தபால்காரம்மா, ஒரு நூலகர். நாலு பேரும் ராத்திரி தூங்குவதற்கு முன் திரையை விலக்கிக் குசுகுசுவென்று பேசியே சிநேகமாகிவிட்டார்கள். பொதுச் சமையல்கட்டில் டீ போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பெண்கள்போல் சிரித்தார்கள். டைம்கீப்பர் குல்லாவைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி போய் நின்றார்.

"நல்லா தூங்கினியா?"

"இவ்வளவு நல்லா தூங்கினது எப்பன்னே ஞாபகம் இல்லீங்க. குறட்டை இல்ல. 'துண்டு எங்க?' இல்ல. கண்ணு முழிச்சேன், பனி. புரண்டு படுத்தேன், பனி."

"நான் தப்புப் பண்ணிட்டேன்மா. அந்த ஜோடிப் பெட்டி..."

"தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்."

"அதுக்குத்தானே மூணு தடவை கேட்டேன்?" டம்ளரை மேஜையில் வைத்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. "ஜன்னலுக்கு அழலைங்க. நான் கேட்டதுல பாதி ஜன்னல், பாதி நீங்க. ரெண்டையும் வேணாம்னு நீங்களே சொன்னீங்கன்னு அந்தப் பொண்ணு சொன்னப்போ, ஒரு மாதிரி ஆயிடுச்சு. வளைவுல உங்க தோள்ல சாஞ்சு கேட்டேனே, அப்பவாவது சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

டைம்கீப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கில் ஊருக்கே கேட்கப் பேசுகிறவர், கையிலிருந்த குல்லாவைப் பிழிந்துகொண்டு நின்றார். தபால்காரம்மா நாசூக்காக வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை வருவோம்மா," என்றார் கடைசியில். "நானே கூட்டிட்டு வரேன். பெரிய ஜன்னலா பாத்து."

"மூணு மாசத்துல வரத்தான் போறோம். நாங்க நாலு பேரும் பேசிட்டோம்."

"நானும் வரேனே."

"நீங்க ஒரு ஆட்டம் வெளியே உக்காரணுமே."

"நான் என்ன பாலர் பள்ளிப் பிள்ளையா?"

"அவங்க ரெண்டாவது விரல்லயே சொல்லிடுவாங்க."

மிச்சமிருந்த ஒரு நாளும் டைம்கீப்பர் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு ஏரி, பூங்கா என்று பின்னாலேயே நடந்தார். அன்று ராத்திரியும் ஜன்னல் இல்லாத பெட்டிதான். குறட்டை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் தூங்கவே இல்லை. வீட்டுக்கு வந்தபிறகு, காலையில் தானே டீ போடப் பழகினார். நாலரைக்கு நீளும் கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று புது ஸ்வெட்டர்கூட ஒன்று வாங்கினார். டீச்சரம்மா அதை மடித்து, அலமாரியின் அடியில் வைத்தாள்.

மூன்று மாதம் கழித்து, காலை ஆறு பத்து வண்டி. நாலு பெண்களும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஜன்னல் சீட்டில் டீச்சரம்மா. கூண்டுக்குள் டைம்கீப்பர். அவர் காலடியில், யாருக்கும் தெரியாமல் கட்டிவைத்த ஒரு சின்னப் பை. அதற்குள் அந்த ஸ்வெட்டரும் குல்லாவும்.

கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு பத்து. இந்த நிலையத்தில் அவர் கையால் ஒரு வண்டி தாமதமாகப் புறப்பட்டதில்லை. அன்றைக்கு மைக்கைத் தட்டினார், தொண்டையைக் கனைத்தார், காகிதத்தைப் புரட்டினார். ஆறு பதினொன்று. டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஆறு பன்னிரண்டு. டீச்சரம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கூண்டைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டாள். டைம்கீப்பர் பையைக் கையில் எடுத்துக்கொண்டு பாய்ந்து எழுந்தார்.

"என்னங்க! ரெண்டு நிமிஷம் லேட்டு. விசிலை ஊதுங்க!"