துரோகியாரின் சிவப்பு முத்திரை

மன்னார்த் தீவில் துரோகியார் வாயால் துரோகி என்று பெயர் வாங்காத ஒருவர் இருந்தால், அவர் இன்னும் ஞானஸ்நானம் பெறாத கைக்குழந்தையாகத்தான் இருக்க வேண்டும். மற்ற எல்லோரும் வாங்கிவிட்டோம். நான் மூன்று முறை. ஒருமுறை அவருடைய அறிக்கையில் ‘வன்மையாக’ என்ற சொல்லைத் தட்டச்சில் விட்டதற்கு, ஒருமுறை கிரிக்கெட் பார்த்ததற்கு, மற்றது எதற்கென்று அவருக்கே ஞாபகமில்லை.

கோபத்தில் சொல்லமாட்டார். மற்றவர்கள் சுகம் விசாரிப்பதுபோல அவருக்கு அது. பாரை மீனை நிறுக்கும்போது தட்டில் விரல் வைத்த வியாபாரி, தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டவர், பூசைக்குப் பிந்தி வந்த உபதேசியார், எல்லோரும் இனத்துக்குத் துரோகம் செய்தவர்கள். ஊரும் அந்தப் பட்டத்தை மரியாதை சேர்த்து அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் பங்குப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது.

பள்ளிமுனையில் என் போட்டோக்கொப்பிக் கடைக்கு நேர் எதிரே அவருடைய கட்சிக் கந்தோர். ஒரு மேசை, மூன்று கதிரை, பூட்டில்லாத ஒரு அலுமாரி. எந்தக் கட்சி என்று கேட்கக் கூடாது, எந்த வருடம் என்று கேட்க வேண்டும். ஒரு கட்சி கொள்கையில் இளகிவிட்டது என்று வெளியேறி, அதைவிடத் தீவிரமான கட்சியில் சேருவார். ஆறு மாதத்தில் அதுவும் இளகிவிடும். சேர்ந்த கட்சியெல்லாம் ‘தமிழ்’ என்று தொடங்கியதால், பலகையில் அந்தச் சொல்லை மட்டும் பெயின்ரில் எழுதுவித்து, மிச்சத்தைச் சோக்கால் எழுதி வைத்திருந்தார். மாரி மழைக்குக் கட்சி கரைந்துவிடும்.

அறிக்கைகளை நான்தான் தட்டச்சு செய்வேன்.

“ஐயா, இதைப் போன கிழமையும் கண்டிச்சனீங்கள்தானே?”

“அது கண்டனம். இது வன்மையான கண்டனம். நீ அடி.”

ஒரு தேர்தல் மேடையில் ஆவேசம் வந்து, உரிமை கிடைக்கும்வரை சிங்களத்தில் ஒரு சொல்லும் பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தார். கைதட்டல் பலமாக இருந்தது, நகரசபைக்கும் தெரிவானார். அதன்பிறகுதான் சிரமம் தொடங்கியது. கொழும்பு பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் “நிப்பாட்டுங்கோ” என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருக்க, நடத்துனர் இரண்டு ஊர் தள்ளி இறக்கிவிட்டார். நடந்தே திரும்பி வந்து, முடிந்துபோன கூட்டத்தைக் கண்டித்தார்.

கலியாண வீட்டில் சிங்கள பைலா போட்டால் எழும்பி வெளியே போய்விடுவார். வேலியோரம் நிற்பார், செருப்பு மட்டும் தாளம் போடும். ஒருமுறை பாட்டில் ஏதோ பகிடி வர, விளங்காமல் நாங்கள் நிற்க, அவர் மட்டும் வேலிப்பக்கம் திரும்பிச் சிரித்தார். கேட்டேன். இருமல் என்றார்.

அவருடைய பெரிய ஆயுதம் ஒரு ரப்பர் முத்திரை. சிவப்பு மையில் ‘தமிழில் அனுப்புக’. வட்டாரத்தில் எந்த வீட்டுக்குச் சிங்களத்தில் கடிதம் வந்தாலும் அவரிடம் கொண்டுவர வேண்டும். கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்து, முதுகில் ஒரு குத்து. பிறகு வந்த இடத்துக்கே பதிவுத் தபாலில் போய்விடும். ஏன் கவிழ்க்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

“சட்டத்தில எங்களுக்கு உரிமை இருக்கு. அவங்கள் தமிழில எழுதத்தான் வேணும்” என்பார். அதில் யாரும் பிழை சொல்ல முடியாது. அடையாள அட்டை பற்றித் தனக்கு வந்த கடிதத்தையும் திருப்பி அனுப்பியதால், மீசை முளைக்காத காலத்துப் படத்தோடுதான் இன்றுவரை திரிகிறார்.

இப்படியிருக்க, பிலோமினா அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. கருவாடு போட்டுப் பிழைக்கிறவர். யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது, அவருடைய வீட்டு வளவு படை முகாமின் வேலிக்குள் போயிருந்தது. கிணற்றுக் கட்டும் இரண்டு தென்னையும் வெளியில் நின்றாலே தெரியும். காலையில் கருவாடு காயவைக்கப் போகும்போது வேலியோரம் நின்று, தன் தென்னையை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போவார். அந்த வளவைக் கேட்டு அவர் எழுதாத கந்தோர் இல்லை.

“என்ன எழுதிக்கிடக்கெண்டு ஆரிட்டையும் கேட்டுப்போட்டு அனுப்புவமே, ஐயா?”

“வாசிச்சா ஏற்றுக்கொண்டதாப் போயிடும், பிள்ளை.”

கவிழ்த்தார், குத்தினார், அனுப்பினார்.

சில கிழமையில் ஒரு அதிசயம் நடந்தது. தமிழில் பதில் வந்தது. அவருடைய அரசியல் வாழ்க்கையில் முதல் வெற்றி. கடிதத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு றோட்டைக் கடந்து என் கடைக்கு வந்தார். பிலோமினா அக்காவுக்கு ஆள் போனது. ஒரு பத்திரிகைக்காரரையும் அழைத்துவிட்டார்.

“பத்துக் கொப்பி எடு. சரித்திரம் இது.”

கொப்பி எடுக்கும் சாக்கில் நான்தான் முதலில் வாசித்தேன். வளவை அடையாளம் காட்ட உரிமையாளர் காணி உறுதிப் பத்திரத்தோடு முகாம் வாசலுக்கு வர வேண்டும், வராவிட்டால் கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கருதப்படும். திகதி, அன்றைய திகதி. நேரம், காலை ஒன்பது. என் கடை மணிக்கூட்டில் பத்தேகால்.

கடிதம் திரும்பிப் போய்த் தமிழாகி வந்த நாட்களில்தான் அக்காவுக்குத் தந்திருந்த தவணை கரைந்திருந்தது. சிங்களக் கடிதம் வந்தபோது போதிய அவகாசம் இருந்திருக்கிறது.

பத்திரிகைக்காரரையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் முகாமுக்குப் பறந்தோம். பிலோமினா அக்கா உறுதியை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார். ஒரேயொரு தடவைதான் வாய் திறந்தார். “வளவு போச்செண்டா, நான் உங்கட முகத்தில முழிக்கமாட்டன் ஐயா.” துரோகியார் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் சொல்லி மாளாது.

நாங்கள் இறங்கும்போது காணி அதிகாரியின் வாகனம் வாசலைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. தமிழ் தெரிந்த எழுதுவினைஞர் அன்று லீவு. என் சிங்களம் பேக்கரியில் பாண் வாங்கத்தான் காணும். பத்திரிகைக்காரர் கைபேசியைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கிவிட்டார்.

துரோகியார் அந்தக் கைபேசியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாகனத்துக்குக் குறுக்கே ஓடினார். ஒருமுறை இருமினார். பிறகு வந்தது பாருங்கள் சிங்களம்.

மேடைச் சிங்களமோ கந்தோர்ச் சிங்களமோ அல்ல, மீன் ஏலம் கூறுகிற சிங்களம். எனக்கு ஐயா என்று அர்த்தப்படும் ‘மாத்தயா’ என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. அதிகாரி கண்ணாடியை இறக்கி, ஏதோ கேட்டுச் சிரித்தார். நீர்கொழும்பில் எந்த மீன் வாடி என்று கேட்டாராம். வாலிபத்தில் ஒன்பது வருடம் அந்த மீன் சந்தையில் நின்றதை, துரோகியார் அதுவரை ஊரில் ஒருவருக்கும் சொன்னதில்லை. கடிதங்களை ஏன் கவிழ்த்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நிமிர்த்தி வைத்தால் கண் வாசித்துவிடும்.

அதிகாரி இறங்கினார், வாசல் திறந்தது. பிலோமினா அக்கா எல்லையைக் காட்டவில்லை, நேரே கிணற்றுக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

“தண்ணி கிடக்கு ஐயா” என்று அழுதார்.

அதையும் துரோகியார் அதிகாரிக்குச் சிங்களத்தில் சொன்னார். அது தேவையில்லாத மொழிபெயர்ப்பு. சொல்லிவிட்டு, மறுபக்கம் திரும்பி இருமினார்.

பின்னேரத்துக்குள் அந்த வீடியோ லண்டன், கனடாவெல்லாம் போய்விட்டது. வளவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சத்தியத்தை முறித்த துரோகி என்றார்கள். கட்சி அவரை நீக்கியது. அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்ய என் கடைக்கே கொண்டுவந்தார்கள். ‘வன்மையாக’ என்ற சொல்லை இந்தமுறை நான் வேண்டுமென்றே விட்டேன். அடுத்த தேர்தலில் தோற்றார். முகாம் வேலி அடுத்த மாரிக்கு முன்பே பின்னால் போய், பிலோமினா அக்காவின் வளவு அவருக்கே திரும்பி வந்துவிட்டது.

கந்தோர் இன்னும் இருக்கிறது. பலகையில் ‘தமிழ்’ மட்டும்தான், சோக்குக்கு வேலையில்லை. சனம் இப்போதும் கடிதம் கொண்டுபோகிறது. கதவைச் சாத்திவிட்டு, மெல்லிய குரலில் முழுவதையும் வாசித்து விளக்குவார். பிறகு கவிழ்த்து வைத்து, ஒரு குத்துக் குத்தித் திருப்பி அனுப்புவார்.

போன கிழமை எனக்கும் ஒரு சிங்களக் கடிதம் வந்தது. கொண்டுபோனேன். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“துரோகி, உன்ர மகள் சிங்களம் படிச்சவளெல்லே? அவளிட்டக் குடுத்திருக்கலாமே?”

“அவள் வீட்டில இல்லை ஐயா” என்றேன்.

வீட்டில்தான் இருந்தாள்.