இறால் லாரியோடு போன மாப்பிள்ளை

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தங்கள் தங்கை என்னைவிட நலம். அதைப் பற்றி முறையிடத்தான் இந்தக் கடிதம். தாங்களும் அக்காவும் குழந்தைகளும் காய்ச்சிய நீரைக் குடித்து, மூடி வைத்த உணவை உண்டு, குறைவின்றி இருப்பீர்கள் என நம்புகிறேன்.

என் மகள் எங்கள் இருவரையும் கொஞ்சநாள் ஓய்வெடுக்கச் சொல்லி இந்தத் தீவுக்குக் கப்பலேற்றி அனுப்பியது தாங்கள் அறிந்ததே. தீவு என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சுற்றிலும் கடல், நடுவில் ஒரு மேடு, கரையோரமாக ஒரே ஒரு தார் ரோடு, அவ்வளவுதான். பணியில் இருந்த காலத்தில், சுகாதார ஆய்வாளர் என்ற முறையில், நான் தெருமுனையில் திரும்பினாலே வண்டிக்கடைக்காரர்கள் அடுப்பை அணைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். நம் குடும்பத்தில் என்னை முதுகுக்குப் பின்னால் ‘சோப்பு மாப்பிள்ளை’ என்று சொல்வதும், அந்தப் பெயரை வைத்ததே தாங்கள்தான் என்பதும் எனக்குத் தெரியும். அதில் வருத்தமில்லை. ஆனால் இப்போது தாங்கள் தலையிட்டே ஆக வேண்டும்.

நாங்கள் தங்கியிருக்கும் விடுதியின் சமையலறையை நானே நேரில் பார்த்துத் திருப்தி அடைந்தேன். அவித்த காரட், அவித்த உருளைக்கிழங்கு, அவித்த இன்னொன்று. என்ன காய் என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு நன்றாக அவித்திருந்தார்கள். எனக்குப் பரம சந்தோஷம். ஆனால் எதிர்ப்பக்கம் ரோட்டோரத்தில் ஒரு லாரி நிற்கிறது. பழைய சாமான் லாரி. ஒரு பக்கத் தகரத்தை வெட்டி ஜன்னல் மாதிரி திறந்து, உள்ளே அடுப்பு, வெளியே பெஞ்சு, மேலே ஒரு நீலத் தார்ப்பாயை லாரிக்கும் தென்னை மரத்துக்குமாக இழுத்துக் கட்டி, நண்டும் இறாலும் பொரித்துக் கொடுக்கிறார்கள். பூண்டு வதங்கும் வாசனை எங்கள் அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறது. நேற்று மத்தியானம் தங்கள் தங்கை தட்டைத் தள்ளி வைத்தாள்.

“இந்தக் காரட்டைப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு. நான் அந்த லாரியில போய் நண்டு சாப்பிடப் போறேன். நீங்க வந்தா வாங்க, இல்லைன்னா காரட்டுக்குத் துணையா இருங்க.”

“ரோட்டோரத்துலயா? புழுதி, ஈ...”

“ஈ உங்களைப் பாத்ததும் தானா ஓடிரும். கெளம்புங்க.”

கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கேட்காமல் ஒரு சுண்டல் பொட்டலம்கூடப் பிரிக்காதவள், மச்சான், விடுவிடுவென்று ரோட்டைக் கடந்து போய் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நண்டு ஒன்று, பூண்டு இறால் ஒன்று என்று ஏதோ பிறந்ததிலிருந்தே லாரியில் சாப்பிட்டவள் மாதிரி சொல்லிவிட்டாள். நான் சாப்பிடப் போகவில்லை. தண்ணீர் டிரம்மை மட்டும் எட்டிப் பார்க்கலாம் என்று பின்பக்கப் படியில் ஏறினேன். இது ஒரு குற்றமா? மூடியைத் திறந்து பார்த்தேன். எண்ணெயை முகர்ந்து பார்த்தேன். அடுப்படியில் நின்ற லாரிக்காரம்மா இடுக்கியோடு திரும்பி, “யாரு சார் நீங்க?” என்று கேட்டார். பழக்க தோஷம். தொண்டையைச் செருமிக்கொண்டு “சுகாதாரத் துறை” என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். “ஓய்வு பெற்றவன்” என்று முடிப்பதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

முன்னால் டிரைவர் சீட்டில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய வீட்டுக்காரர் காதில் முதல் பாதிதான் விழுந்ததாம். தார்ப்பாய் கயிற்றைப் பிய்த்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே பறந்து வருகிறது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டும் கையுமாக எழுந்து நிற்கிறார்கள், உங்க தங்கச்சி அப்பத்தான் கைக்கு வந்த நண்டோட என்னையே பாக்கறா, நான் சின்னதாகிக்கிட்டே போறேன். லாரிக்காரம்மா நல்ல மனுஷி, சட்டுனு அடுப்பை அணைச்சுட்டு முன்பக்கத் தகரத்தை இடுக்கியால தட்டுறாங்க. “யோவ், நிறுத்துய்யா! எங்கய்யா ஓட்டறே?”

“ஆபீசர் வந்துட்டாரு, அதான் தப்பிச்சுப் போறேன்!”

“யாருகிட்டேர்ந்துய்யா தப்பிக்கிறே? அவரு என் பக்கத்துலதான் நிக்கிறாரு!”

அது அந்தாளுக்கு இஞ்சின் சத்தத்துல கேக்கல. வளைவுக்கு வளைவு கரண்டி பறக்குது, எலுமிச்சம்பழம் உருளுது, ஒரு இறால் என் சட்டைப் பையில விழுந்து குடியேறிருச்சு. பெரிய குண்டான்ல பூண்டுக் குழம்பு தளும்புது. “சார், அதைப் பிடிங்க சார், அது கொட்டிச்சுன்னா இன்னிக்கு யாவாரமே போச்சு!”ன்னு அந்தம்மா கத்தறாங்க. பிடிச்சேன், மச்சான். எத்தனை குண்டானைக் கவுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட கை! அந்தக் கையால ஒரு குண்டானைப் புள்ளை மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு லாரி நடுவுல உக்காந்திருந்தேன். ஆனா எனக்குக் குண்டான் கவலை இல்ல. உங்க தங்கச்சி போனும் அறைச் சாவியும் என் பையில இருக்கு. தெரியாத ஊர்ல, நட்ட நடு வெயில்ல, அவ தனியா நிக்கிறாளேங்கற கவலைதான். அந்த நேரம் பாத்து ஒரு பெரிய பள்ளம். குழம்பு எகிறி என் மீசை மேல விழுந்துச்சு. கை ரெண்டும் குண்டான்ல. துடைக்க வழியில்ல. நாக்கு நீண்டது என் குற்றமில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நல்லா இருந்துச்சு, மச்சான். நான் பொய் சொல்ல மாட்டேன்.

தீவுல ஒருத்தன் எவ்வளவு தூரம்தான் தப்பிச்சு ஓட முடியும்? இருக்கறது ஒரே ரோடு, அதுவும் வட்டமா இருக்கு. அந்தாளு வேகமா ஓட்டி, இன்னும் வேகமா ஓட்டி, கடைசில கெளம்பின எடத்துக்கே வந்து, எதிர்ல தன் பெஞ்சையும் தன் வாடிக்கைக்காரங்களையும் பாத்து மெரண்டு போய் பிரேக் போட்டாரு. நான் குண்டானோட எறங்கினேன். எல்லாரும் கை தட்டினாங்க. உங்க தங்கச்சி பெஞ்சில உக்காந்து சாவகாசமா நண்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தா.

“போயிட்டு வந்தாச்சா?”ன்னா, பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டு வந்தவனைக் கேக்கற மாதிரி. எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. கொஞ்சங்கூடப் பதறலையே, நான் இருந்தா என்ன போனா என்னன்னு ஆயிட்டேனான்னு நெனச்சேன். அப்ப ஐஸ் வண்டிக்காரர் ஒருத்தர் என் காதுகிட்ட வந்து மெதுவாச் சொன்னாரு: “அம்மா இவ்வளவு நேரமும் நடுரோட்டுலதான் சார் நின்னாங்க. எவ்வளவோ கூப்பிட்டும் நெழலுக்கு வரல. லாரி சத்தம் கேட்டதும்தான் ஓடி வந்து உக்காந்தாங்க.”

திரும்பிப் பாத்தேன். அவ கையில இருந்த நண்டு முழுசா அப்படியே இருந்துச்சு. ஒரு கடிகூடக் கொறையல.

அவ என் மீசையைப் பாத்தா. “நக்கினீங்களா?”ன்னா.

“தவிர்க்க முடியாத சூழ்நிலை”ன்னேன்.

சிரிச்சா பாருங்க, மச்சான். பெஞ்சைத் தட்டித் தட்டி, கண்ணுல தண்ணி வர, மூச்சு முட்டச் சிரிச்சா. அப்படி அவ சிரிச்சு நான் பாத்தே ரொம்பக் காலமாச்சு. அப்புறம் கண்ணைத் தொடச்சுக்கிட்டுச் சொன்னா: “உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடறது பரீட்சை எழுதற மாதிரி இருக்குங்க. இன்னிக்கு ஒரு வேளை எனக்கு மார்க் போடாம இருங்களேன்.” லாரிக்காரம்மா கொடுத்த சோப்பால கையைக் கழுவிக்கிட்டு உக்காந்தேன். அவ நண்டு ஓட்டை ஒடைச்சு, வெள்ளைச் சதையா எடுத்து, முதல்ல என் தட்டுலதான் வெச்சா. எவ்வளவு சாப்பிட்டோம்னு கேக்காதீங்க. லாரிக்காரரு பயந்துக்கிட்டே எட்ட நின்னு பரிமாறினாரு.

இனி முறைப்படி என் புகார். நேற்றிலிருந்து என் வயிறு வலிக்கும் என்று காத்திருக்கிறேன்; வலிக்கவில்லை. இது என் தொழிலுக்கே அவமானம். எனவே இனி அந்த லாரியின் நிழலைக்கூட மிதிப்பதில்லை என்று உறுதி பூண்டிருக்கிறேன். தாங்கள் உடனே தங்கள் தங்கைக்குப் போன் செய்து, அண்ணன் என்ற முறையில் கண்டித்து, வெள்ளிக்கிழமைக் கப்பலில் ஒழுங்காகத் திரும்பி வரச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் சிரிக்கிறாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நகம் வெட்டி, நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
சோப்பு மாப்பிள்ளை

பி.கு.: போன் செய்ய வேண்டாம். வெள்ளிக்கிழமை நாங்கள் வரவில்லை. இப்போது அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்து இதை முடிக்கிறேன். காகிதத்தில் இருக்கும் கறை பூண்டு வெண்ணெய், பயப்படாதீர்கள். தாங்களும் அக்காவும் அடுத்த கப்பலில் புறப்பட்டு வாருங்கள். வரும்போது தங்களிடம் உள்ள பெரிய குறடைக் கொண்டு வரவும். இங்கே நண்டை உடைக்கக் கருங்கல்தான் வைத்திருக்கிறார்கள், நேரமாகிறது. குறடைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து வரவும்.