பேணி அண்ணையின் பேணி

ரொறொன்ரோவில் களவு போகவே வழியில்லாத அறை ஒன்று இருந்ததென்றால், அது பேணி அண்ணை காவல் நின்ற அறைதான். கள்ளன் வந்திருந்தால் அவனையும் மறித்து, மத்திய அமெரிக்காவின் பழைய மாயா மக்களுடைய சித்திரக் குவளைகளைப் பற்றி அரைமணி நேரம் விளக்கியிருப்பார். அவன் வந்த வேலையை மறந்து வீட்டுக்குப் போயிருப்பான்.

நகரின் நடுவே ஓர் அருங்காட்சியகத்தில் நாங்கள் இருவரும் காவலாளிகள். எந்தக் குவளையையும் எங்கள் ஊர் வழக்கில் பேணி என்றே சொல்வார்; அதுவே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. காவல் நின்றார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அந்த மனிதரால் ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்க முடியாது. கண்ணாடிப் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றியே மாதம் ஒரு சோடி சப்பாத்தைத் தேய்த்துவிடுவார். வருபவர்களோடு பேசக்கூடாது என்ற விதி மற்றவர்களுக்கு என்று நினைத்திருந்தார்.

"தம்பி, உந்தப் பேணியின்ரை விளிம்பில என்ன எழுதியிருக்கெண்டு தெரியுமே? இன்ன ராசாவின்ரை பேணி, கொக்கோ குடிக்கிறதுக்கு எண்டு. எங்கட சனம் பாத்திரத்தில பேர் வெட்டுறவையெல்லே, கலியாண வீட்டுக்கு இரவல் போனா மாறிப்போகுமெண்டு. உதுவும் அதுதான்."

"ராசாமாரும் இரவல் குடுத்தவையோ, அண்ணை?"

"குடுக்காட்டி ஏன் பேர் போடுறாங்கள்?"

நடுவில் ஓட்டையுள்ள தட்டு ஒன்றும் அங்கே இருந்தது. ஆள் செத்தால் தட்டையும் ஓட்டை போட்டுச் சாகடித்து, கூடவே புதைப்பார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார்.

ஒருநாள் மேலதிகாரி அம்மையார் கடைசி எச்சரிக்கை கொடுத்தார். இனி வாய் திறந்தால் கார் நிறுத்துமிடத்தில் காசு வாங்கும் கூண்டுக்குள் வேலை.

"அதுக்குள்ள இருத்தினா நான் செத்துப்போவன், தம்பி" என்றார் அண்ணை.

இரண்டு வாரம் வாயை அடக்கினார். கை சும்மா இருக்கவில்லை. மனைவியின் நகப்பூச்சால் சாப்பாட்டு அறையிலிருந்த எல்லாருடைய குவளைகளிலும் விளிம்பைச் சுற்றிப் பெயரும் பானமும் எழுதினார். என்னுடையதில், 'தம்பியின் பேணி, சீனி போடாத தேத்தண்ணிக்கு.' மேலதிகாரியின் மனதைக் குளிரவைக்க அவருடைய குவளையில் பல்லைக் காட்டும் சிறுத்தையை வரைந்தார். மாயா அரசர்கள் சிறுத்தைத் தோலில்தான் அமர்வார்களாம்.

இது நானா என்று அம்மையார் கேட்டார். அண்ணை விதியை மறந்து, மாயா அறைக்கே அவரை அழைத்துப்போய் நாற்பது நிமிடம் விளக்கினார். பார்க்க வந்த பத்துப் பேரும் கூடிவிட்டார்கள். அடுத்த திங்கள் கூண்டு.

போகும்போது தன் பேணியை என்னிடம் தந்தார். "இஞ்சை என்ரை சீவன் முடிஞ்சுது. நீர் இதின்ரை அடியில ஒரு ஓட்டையைப் போட்டுவிடும்."

ஓம் என்றேன். அவர் நடக்காத அந்த அறையில் எனக்கு நிற்கவே பிடிக்கவில்லை. ஒவ்வொரு இடைவேளையிலும் அதே பேணியில் தேத்தண்ணி ஊற்றிக் கூண்டுக்குக் கொண்டுபோவேன். அவர் அடியைத் தடவிப் பார்ப்பார்.

"இன்னும் போடேல்லையோ?"

"நாளைக்குப் போடுறன், அண்ணை."