டேஷ்கேம் முன்னால் நான் சொன்ன "வா வா"

வண்டியை ரிவர்ஸ் எடுக்க என் குரல் ஒன்றே போதும் என்று எங்கள் மரக்காணம் உப்பளத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். (கேட்காவிட்டால் நானே சொல்வேன்.) உப்பு ஏற்ற வரும் லாரியெல்லாம் என் "வா வா"வுக்குத்தான் பின்னால் வரும்.

அதனால்தான் மகன் செந்தில் கார் வாங்கியபோது ரிவர்ஸ் கேமரா வேண்டாம் என்றேன். முன் கண்ணாடியில்தான் டேஷ்கேம் இருக்கிறதே!

"அது முன்னாடி நடக்கிறதைத்தான் பதிவு பண்ணும்மா. பின்னாடி காட்டாது."

"பின்னாடி பாக்க நான் இருக்கேன்டா. ஒரு வண்டிக்கு எத்தினி கண்ணு?"

அவனுக்கு ஒரு பெண் பார்த்திருந்தோம். பெண்ணின் அப்பா பெருமுக்கல் ஊர்க்காரர், நெல் விவசாயி. முடிவு சொல்லுமுன் உப்பளத்தைப் பார்க்கவேண்டும் என்று வெள்ளை வேட்டியில் வந்தார். செந்தில் ஓட்ட, காரிலேயே உப்பளக் கரைமேல் அழைத்துப் போய்ப் பாத்தி பாத்தியாகக் காட்டினேன். மனுஷர் முகத்தில் மரியாதை தெரிந்தது. சம்பந்தம் முடிந்த மாதிரிதான்.

திரும்ப இடமில்லை, ரிவர்ஸ்தான். நான் மட்டும் இறங்கினேன். பின்னால் போய் நின்றிருக்கவேண்டும். ஆனால் கேமரா முன்னால் அல்லவா இருக்கிறது? என் வேலையை அது பார்க்கவேண்டாமா? முந்தானையைச் சரிசெய்துகொண்டு காருக்கு முன்னால் நடந்தபடியே கையசைத்தேன்.

"வா வா... இன்னும் வா... எடம் ஏராளமா இருக்குது!"

"உப்புல கண்ணு கூசுதும்மா, கண்ணாடியில ஒண்ணும் தெரியல!"

"நான் சொல்றேன்ல, வாடா!"

வந்தான். கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் இருந்த வாய்க்காலுக்குள் உட்கார்ந்தது. பெண்ணின் அப்பா முழங்கால் உப்புத் தண்ணீரில் இறங்கினார்.

"நான் சரியாத்தான் சொன்னேன் அண்ணே. இவன்தான் வேகமா வந்துட்டான்."

செந்தில் பதிவானதைப் போனில் போட்டு அவரிடம் நீட்டினான். படம் முழுக்க நான்தான். (அழகாகத்தான் இருந்தேன்.) பிறகு நான் மெல்ல மெல்லக் கீழே போனேன். கடைசியில் வெறும் வானம். குரல் மட்டும் கணீரென்று, "எடம் இருக்குது!"

அவர் வேட்டியைப் பிழிந்தபடியே இன்னொரு தரம் பார்த்தார். சம்பந்தமும் வாய்க்காலில் போயிற்றா?

"புதுக் கார் தண்ணியில கெடக்குது. புள்ள அம்மாவை ஒரு வார்த்தை திட்டல," என்றார். "பொண்ணு குடுக்கிறேம்மா. ஆனா பின்னாடி ஒரு கேமரா வெச்சிடுங்க."

வைத்தோம். இப்போது மருமகள்தான் ஓட்டுகிறாள். திரையில் சிவப்புக் கோடு வந்ததும் நிறுத்தி, கார் கண்ணாடியை இறக்குவாள்.

"அத்தே, கேமரா நில்லுன்னுது. நீங்க என்னா சொல்றீங்க?"

நான் முந்தானையைச் சரிசெய்துகொள்வேன்.

"வா வா, எடம் இருக்குது!"