நல்லதண்ணி வைத்தியம்

நாட்டின் வரவுசெலவில் துண்டு விழுவதற்குத் தீவு மருந்துச்சாலையின் தண்ணிமருந்தும் ஒரு காரணம் என்று கொழும்பில் கண்டறியப்பட்டது. கண்டறிந்தவர்கள் சிக்கனத்துக்கென்றே புதிதாகக் கட்டிய மாடிக் கட்டடத்தில் இருந்தார்கள். இனி ஒரு பங்கு மருந்துக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்க்க வேண்டும் என்று கட்டளை வந்தது. செலவைக் குறைப்பவருக்கு விரும்பிய ஊருக்கு இடமாற்றம்.

மருந்துச்சாலையில் வைத்தியம் பார்த்து மருந்தும் கலக்கும் அப்போதிக்கரி பரராசசிங்கம் அந்தக் கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தார். மனைவி சொந்த ஊரான கரம்பொன்னில். அவரோ ஆறு வருடமாகக் கடலுக்கு இந்தப் பக்கம்.

தீவுக் கிணறுகளோ உவர். அதைக் கலந்து கொடுத்ததில் இருமலோடு வந்தவர்கள் வயிற்றோட்டத்தோடு திரும்பி வந்தார்கள். ஆகவே கடலுக்கு அந்தப் பக்கம் அல்லைப்பிட்டியிலிருந்து ஐயாத்துரையின் வள்ளத்தில் நல்லதண்ணி வந்தது. மருந்தைவிடத் தண்ணீர் விலையாயிற்று. பரராசசிங்கம் மனம் கேளாமல் மேலிடத்துக்கு எழுதினார். பதில் வந்தது:

"தண்ணீர் போக்குவரத்துச் செலவில் சேரும். மருந்துச் செலவு குறைந்தமைக்குப் பாராட்டு. மேலும் குறைக்கவும்."

குறைத்தார். கடைசியில் போத்தலில் தண்ணீர் மட்டுமே இருந்தது. சனமோ கூடியது. நல்லதண்ணி சும்மா கிடைக்கும் இடம் தீவில் வேறு இல்லை.

"எங்கை நோகுது அண்ணை?" என்று வரிசையில் முதலில் நின்ற அம்பலவாணரை விசாரித்தார் பரராசசிங்கம்.

"எந்த வருத்தத்துக்கு ஐயா பெரிய போத்தல்?" என்று கேட்டார் அம்பலவாணர்.

"காய்ச்சலுக்குச் சின்னன். வயித்து நோவுக்குப் பெரிசு."

"அப்ப வயிறுதான். மனிசிக்கும் வயிறு. நாளைக்குச் சம்பந்தி வீட்டார் வருகினம், அவைக்கும் வயிறெண்டு எழுதுங்கோ."

நோயாளர் பெருகியும் மருந்துக்கு ஒரு சதமும் செலவாகாத அதிசயத்தைப் பார்வையிட மேலதிகாரி வருவதாகத் தந்தி வந்தது. மாற்றக் கடிதமும் கையோடு வருமாம். இறங்குதுறையில் அலங்கார வளைவு எழுந்தது. அதற்கு வேறு நிதி.

அன்று காலை பரராசசிங்கத்துக்குக் காய்ச்சல். பல் கிடுகிடுத்தது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

"ஆக்களை ஏத்த ஏலாது ஐயா," என்றான் ஐயாத்துரை. "தண்ணி ஏத்தத்தானே காசு தருகினம்."

அம்பலவாணர் அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்துத் திடுக்கிட்டார். "இது மெய்யான காய்ச்சல்."

வரிசை கலங்கியது. ஐந்து பிள்ளைக்காரி நாகபூசணி கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"வாய் திறவாதேங்கோ ஐயா. மெய்யான வருத்தக்காரன் ஒருத்தன் இருக்கிறானெண்டு தெரிஞ்சால், மருந்தை அனுப்பிப்போட்டுத் தண்ணியை நிப்பாட்டிப்போடுவாங்கள்."

கரம்பொன்னை நினைத்துப் பரராசசிங்கமும் வாயை மூடிக்கொண்டார்.

அதிகாரி வந்தார். வரிசையைப் பார்த்தார், வெறும் அலுமாரியைப் பார்த்தார், கண் கலங்கினார்.

"உமக்கு உடம்பு சுகந்தானே?"

"நல்ல சுகம் ஐயா."

"இப்படிப்பட்ட ஒருவரை இங்கிருந்து எடுப்பது தேசத் துரோகம்," என்று மாற்றக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார் அதிகாரி. சனம் கைதட்டியது.

வள்ளம் போனபின் பரராசசிங்கம் கதிரையில் சாய்ந்து, நா வறண்டு, தனக்கும் ஒரு போத்தல் கேட்டார்.

"காய்ச்சலுக்குச் சின்னன்தானே ஐயா," என்றார் அம்பலவாணர்.

"எனக்கு வயிறு," என்றார் அப்போதிக்கரி.