சயின்ஸுன்னுதானே முடியுது

படிப்புக்கு விலை சொல்கிறவர் என்று ஒரு ரகம் நம்மிடையே உண்டு. உங்களுக்கு அவரைத் தெரியும். கல்யாணப் பந்தியில் உங்களுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, ரசம் வருவதற்குள் உங்கள் பிள்ளை என்ன படிக்கிறான் என்று கேட்டு, நீங்கள் பதிலை முடிப்பதற்குள் "அத வச்சி இன்னா வரும்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டு, உங்களை மோர் குடிக்காமலே எழுந்திருக்க வைப்பவர் அவர்தான். சாவு வீட்டிலும் அவர் சும்மா இருப்பதில்லை. இறந்தவரின் மூத்த மகன் எம்.ஏ. தமிழ் என்று தெரிந்தால் அவருடைய துக்கம் இரட்டிப்பாகும்.

எழுபதுகளில் ஆரணியில் இந்த ரகத்தின் சிகரம் பவுல்துரை. ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஹெட் கிளார்க். மாற்றுச் சான்றிதழ் வாங்க வருகிற ஒவ்வொருவரும் அவருடைய ஜன்னலுக்கு வந்துதான் ஆக வேண்டும். சான்றிதழ் சும்மா வராது, மதிப்பீட்டோடுதான் வரும். பி.யு.சி. முடித்து இன்ஜினியரிங் போகப்போகிற பையன் என்றால் எழுந்து நின்று கொடுப்பார். பி.காம். என்றால் உட்கார்ந்தபடி சிரிப்பார். பி.ஏ. என்றால் ஜன்னல் கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசுவார்.

ஒரு தடவை ஆரணிக்கு அருகே சமணர் குன்று இருக்கிற திருமலையிலிருந்து ஆதிராஜ் என்ற நெல் வியாபாரி மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மலையடிவாரத்தில் வளர்ந்த பையன், பாறையில் இருக்கிற எழுத்துகளைத் தடவிப் பார்த்தே பெரியவன் ஆனவன், சரித்திரம் படிக்கப் போகிறேன் என்றான். பவுல்துரை கண்ணாடியைக் கழற்றினார்.

"ஹிஸ்டரியா? அந்த ராஜாங்களே செத்துப் போயிட்டாங்கங்க. இவனுக்கு யாரு சம்பளம் குடுப்பாங்க?"

ஆதிராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். பையனுக்கு பி.காம். என்று முடிவானது. ஒரு உயிரைக் காப்பாற்றிய திருப்தியோடு பவுல்துரை அன்று டிபன் பாக்ஸைத் திறந்தார்.

இப்படிப்பட்டவருக்கு ஜெபராணி மகளாகப் பிறந்ததை என்னவென்று சொல்வது?

எழுபத்தேழில் அவளை வேலூர்க் கல்லூரியில் சேர்க்கக் கூட்டிப் போனார். கெமிஸ்ட்ரியில் இடம் இருந்தது. மார்க்கும் இருந்தது. பெண்தான் இல்லை. அவள் பக்கத்து வரிசையில் போய் நின்றுகொண்டு, "எனக்கு பொலிட்டிகல் சயின்ஸ்தாம்ப்பா வேணும்" என்றாள். அவர் அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், அவளோ வரிசையில் முன்னே நகர்ந்துகொண்டே இருந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் கண்ணமங்கலம் வரை அவர் பேசினார். அதற்கப்புறம் தொண்டை ஒத்துழைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, "நாளைக்கு சர்ச்சுல கேட்டா இன்னான்னு சொல்லுவேன்? ஊரையே கேட்ட வாய்டி இது!" என்று மனைவி லீலாவிடம் முறையிட்டார். லீலா காய் நறுக்கிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்:

"சயின்ஸுன்னுதானே முடியுது? பின்னால இருக்கறத மட்டும் சொல்லுங்க."

அன்றிலிருந்து பொலிட்டிகல் போனது, சயின்ஸ் நின்றது. "பொண்ணு வேலூர்ல சயின்ஸ் படிக்குது" என்று பவுல்துரை கூசாமல் சொல்லிக்கொண்டு திரிந்தார். எந்த சயின்ஸ் என்று யாராவது கேட்டால் அவருக்கு உடனே பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. இதில் ஒரு பேஜார், ஊர் அதை நம்பிவிட்டது. பக்கத்து வீட்டில் தறி வைத்திருந்த தனகோடி, சாயம் போன பட்டு நூலைத் தூக்கிக்கொண்டு வந்து, "சயின்ஸ் படிக்கிற பொண்ணாச்சே, இது ஏன் வெளுத்துகினே போவுதுன்னு சொல்லும்மா" என்றார். ஜெபராணி நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சாயம் போடறவர மாத்தி எவ்ளோ நாளாச்சுங்க?"

"அவர எங்க மாத்தறது? எங்கப்பா காலத்துலேந்து அவருதான்."

"ஒருவாட்டி மாத்திப் பாருங்க."

மாற்றினார். சாயம் நின்றது. தனகோடி தெருவெல்லாம் போய் அவளுடைய கெமிஸ்ட்ரியைப் புகழ்ந்தார்.

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. படிப்பு முடிந்ததும், அந்தப் புகழ் செய்யாறு வரை போய் ஒரு வரனை இழுத்துக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை மின்வாரியத்தில் வேலை. அப்பா யோவான், மண்டிக் கணக்குப் பார்த்து ஓய்ந்தவர். பதினைந்து சவரன் என்று முன்கூட்டியே பேசி முடிந்திருந்தது. சயின்ஸ் பெண் என்றால் பி.எட். போட்டு டீச்சர் ஆக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு.

தனகோடி வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்தன. ஸ்வீட், மிக்சர், காப்பி எல்லாம் வந்தன. கடைசியாக ஜெபராணி வந்தாள். யோவான் மிக்சரில் வேர்க்கடலையாகப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு அன்பாகக் கேட்டார்:

"எந்த சயின்ஸும்மா? பிசிக்ஸா, கெமிஸ்ட்ரியா?"

பவுல்துரைக்கு இருமல் வந்தது. போதுமான இருமல் இல்லை.

"பொலிட்டிகல் சயின்ஸுங்க" என்றாள் ஜெபராணி.

யோவானின் கை தட்டிலேயே நின்றது. அவர் பெண்ணை விட்டுவிட்டு பவுல்துரை பக்கம் திரும்பினார்.

"அத வச்சி இன்னாங்க வரும்?"

வருஷக்கணக்காக ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து வெளியே வீசிய வாக்கியம். அது வந்து விழுந்தால் எங்கே வலிக்கும் என்று பவுல்துரை ஒரு நாளும் யோசித்ததில்லை.

"இன்னா இப்டி கேட்டுட்டீங்க! கலெக்டருங்கல்லாம் இதாங்க படிக்கிறாங்க!"

"ஆவட்டுமே. கலெக்டரானா கலெக்டர் ரேட்டு. இப்ப சும்மாதானே இருக்குது? பொலிட்டிகலுக்கோசரம் ஒரு அஞ்சு சவரன் சேத்துப் போட்ருங்க, ஜல்தியா முடிச்சிடலாம்."

"மூணு" என்றார் பவுல்துரை.

சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. சமையலறை வாசலில் லீலா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தமும் விழுந்தது.

"எனக்கு ஒரு சந்தேகங்க" என்றாள் ஜெபராணி.

"கேளும்மா" என்றார் யோவான்.

"கெமிஸ்ட்ரி படிச்சிருந்தா இந்த அஞ்சு கேட்டிருக்க மாட்டீங்க இல்லீங்களா? அப்ப இது நான் படிச்சதுக்கு அபராதங்களா?"

"அப்டித்தான் வச்சிக்கயேன்."

"அப்ப நான் கட்டறதா இல்லீங்க. மிக்சர் நமுத்துடும், சாப்ட்டுட்டுப் போங்க."

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை குபீரென்று சிரித்தான். அப்பா முறைத்ததும் நிறுத்திக்கொண்டான். அந்த வரனிலிருந்து வந்த ஒரே நல்ல சத்தம் அதுதான். நாலு மணி பஸ்ஸுக்கு அவர்கள் கிளம்பிப் போனார்கள்.

லீலா அன்று பேசியதை எழுத முடியாது. வரன் போனது பவுல்துரையை அவ்வளவாக உறுத்தவில்லை. மூணு என்று சொன்ன வாய்தான் உறுத்தியது. எதிராளி பெண்ணைக் குறைத்துப் பேசினான். இவர் எழுந்து போடா என்று சொல்லாமல், எவ்வளவு குறைச்சல் என்று பேரம் பேசியிருக்கிறார்.

நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, மூணு வருஷம் அப்டி இன்னாதான் படிச்ச?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நெஜமாவே கேக்கறீங்களா, இல்ல ரேட்டு போடவா?"

"நெஜமா."

"எமர்ஜென்சி அப்ப நம்ம தெருவே வாயப் பொத்திகினு இருந்துது இல்லப்பா? எலெக்‌ஷன்னதும் அதே ஆளுங்க சத்தமா பேசிகினே போயி க்யூவுல நின்னாங்க. எனக்கு அது ஆச்சரியமா இருந்துது. ஜனங்க எதுக்கு ஒருத்தன் சொல்றதுக்குக் கட்டுப்படறாங்க, எப்ப மாட்டேங்கறாங்க? அதத்தான் படிச்சேன்."

"எதுக்குக் கட்டுப்படறாங்களாம்?"

"ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்கப்பா. ஒருத்தர் பயங்கறாரு. ஒருத்தர் லாபங்கறாரு. ஒருத்தர் வெறும் பழக்கங்கறாரு."

பவுல்துரை ஒரு நாற்காலியைத் தானே எடுத்து மடக்கினார்.

"நான் அந்தாளுகிட்ட எதுக்கு மூணுன்னு சொன்னேன்?"

ஜெபராணி உண்மையாகவே யோசித்தாள். அவளுக்கு அப்பா மேல் கோபம் இருந்தது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

"பழக்கம்ப்பா."

பவுல்துரை தலையை ஆட்டினார். மூன்று வருஷம் காசு கட்டிய படிப்பை அன்றுதான் முதல் முதலாக ஒரு வாய் ருசி பார்த்தார். இன்னும் கேட்டார், அவளும் நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தாள். அடுப்பில் லீலா மறந்துவிட்ட பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் இருவரும் நிறுத்தினார்கள்.

"மெட்ராஸ்ல எம்.ஏ. சேரட்டுமாப்பா?" என்று அவள் அப்போதே கேட்டுவிட்டாள். ஆள் இளகியிருக்கும் நேரம் பார்த்துக் கேட்பதும் அந்தப் படிப்பில் ஒரு பாடமாக இருக்க வேண்டும். பவுல்துரை வாயைத் திறந்தார். "அத வச்சி" என்பது வரை வந்தது. மீதியை அவர் விழுங்கியதை லீலா கண்ணால் பார்த்தாள்.

"போ" என்றார்.

அதோடு மனிதர் திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? இரண்டு வாரம் ஜன்னலில் மௌனமாகச் சான்றிதழ் கொடுத்தார். வாங்க வந்தவர்கள் அவருக்கு உடம்புக்கு ஆகவில்லை என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் பழையபடி ஆரம்பித்துவிட்டார். சரித்திரம், தமிழ் எல்லாம் அதே அடிமாட்டு விலைதான். பொலிட்டிகல் சயின்ஸுக்கு மட்டும் விலையை ஏற்றி இன்ஜினியரிங்குக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். "அது வேற ரகங்க. கவர்மெண்டே அதுலதான் ஓடுது" என்று அவர் சொன்ன சொல்லை நம்பி, கெமிஸ்ட்ரியில் இடம் கிடைத்த இரண்டு பெண்களை அப்பாக்கள் இழுத்துக்கொண்டு போய் அதில் சேர்த்தார்கள். அந்தப் பெண்கள் இன்றுவரை அவரைத் திட்டுகிறார்கள்.

ஜெபராணி எம்.ஏ. முடித்தாள். மெட்ராஸிலேயே இருந்தாள். பிற்பாடு தனக்குப் பிடித்த ஒருவரைச் சவரன் பேச்சில்லாமல் கட்டிக்கொண்டாள். சந்தோஷமாக இருக்கிறாள். சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

நீங்கள் ஏன் இன்னும் எழுந்திருக்கவில்லை? பவுல்துரையைப் பார்த்து இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்தீர்கள். இப்போது உங்கள் நாக்கு நுனியிலும் ஒரு கேள்வி வந்து நிற்கிறதா? "அதெல்லாம் சரி, அந்தப் பொண்ணுக்கு வேலை கிடைச்சுதா? கவர்மெண்டா, பிரைவேட்டா? கையில எவ்வளவு வருது?"

அதுதானே? வெட்கப்படாதீர்கள். யாரும் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், தொகையைச் சொல்கிறேன்.