கலைந்து போன அணியின் முதல் வெற்றி

"சனிக்கிழமை அண்ணன் வராராம். உங்க மேட்ச்சைப் பார்த்தே ஆகணுமாம்" என்றாள் மனைவி.

மேனேஜர் வாயிலிருந்த டீயை விழுங்க மறந்து போனார்.

"மேட்ச்சையா?"

"ஆமா. மேட்ச் இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு. இல்லாம எங்க போகுது?"

"யார்கூட?"

"அது வந்து... வெளியூர் டீம். பெரிய டீம்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். மேனேஜர் ஆறிப்போன டீயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியூர் டீமும் கிடையாது, உள்ளூர் டீமும் கிடையாது. அவருடைய அணி கலைந்து போய் ஒரு மாதம் ஆகிவிட்டது.

உள்ளரங்கக் கால்பந்து என்று ஒன்று இருக்கிறது. கூரை போட்ட ஹால், தரையில் பச்சைக் கம்பளம், நாலு பக்கமும் இடுப்பளவு பலகைச் சுவர். பந்து சுவரில் பட்டால் ஆட்டம் நிற்காது. திரும்பி வரும், ஆட வேண்டியதுதான். இதைச் சம்பளம் கொடுத்து ஆடவைத்தால் ஊரே திரண்டு வரும் என்று ஒரு முதலாளி நம்பினார். ஊர் வேறு வேலையாக இருந்துவிட்டது. அணியோ ஆடிய ஆட்டத்தில் எல்லாம் தோற்றது. ஒருமுறை எதிரணியின் பஸ் வழியில் நின்றுவிட்டது என்று செய்தி வந்தபோது அணிக்குள் கொஞ்சம் நம்பிக்கை துளிர்த்தது. பஸ்ஸைச் சரிசெய்துவிட்டார்கள்.

முதலாளி நல்ல மனுஷர். சீசன் முடியும் வரைக்குமான சம்பளத்தைக் கையில் கொடுத்து, "ஹால் வாடகையும் அதுவரைக்கும் கட்டியாச்சு. வேற வேலை பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மேனேஜர் அதை வீட்டில் சொல்லியிருக்கலாம். ஆனால் பஸ் கம்பெனி ஆபீஸில் இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு இதில் சேர்ந்தபோது, மச்சான் வீடு அதிரச் சிரித்தார். "பந்து உதைக்கிறதெல்லாம் ஒரு உத்தியோகமா மாப்ளே?" என்று கேட்டார். அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் மனைவி ஒருத்திதான் எழுந்து, "அவருக்குப் பிடிச்சதை அவர் செய்யட்டும். நான் இருக்கேன்" என்றாள். அப்படிச் சொன்னவளை அதே அண்ணன் முன்னால் தலைகுனிய வைப்பதா? அவருக்கு மனசு வரவில்லை. தினமும் சாயங்காலம் டிராக் சூட்டைப் போட்டுக்கொண்டு, விசிலை எடுத்துக்கொண்டு, ஹாலுக்குப் போனார்.

முதல் நாள் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கோல்கீப்பர் உள்ளே வந்தான். அவனுக்குக் 'கதவு' என்று பெயர். எப்போதும் திறந்தே இருப்பான்.

"நீ எதுக்குடா வந்தே?"

"வீட்டுல இன்னும் சொல்லலை சார்."

அவன் பின்னாலேயே நெட்டை வந்தான். அணியில் கோல் போட வேண்டிய ஆள் அவன், போட்டதில்லை. பிறகு டாக்டர் வந்தார். எந்த நேரமும் காலில் கட்டோடு இருப்பதால் அந்தப் பட்டம். கடைசியில் ஆறு பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒருத்தன்கூட வீட்டில் வாயைத் திறக்கவில்லை. வேறு என்ன செய்வது? பயிற்சி எடுத்தார்கள். அணியாக இருந்த காலத்தில் இல்லாத ஒழுங்கு, கலைந்த பிறகு வந்துவிட்டது. சொல்லக்கூடாது, ஆனால் மேனேஜர் சந்தோஷமாகவே இருந்தார்.

இப்போது மச்சான் வருகிறார்.

"எதிரணிக்கு எங்க போறது?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார் மேனேஜர்.

கதவு தயங்கித் தயங்கிச் சொன்னான். "என் பொண்டாட்டி வேலை பார்க்குற மரச்சாமான் கடையில சாமான் ஏத்தி இறக்குற ஆளுங்க இருக்காங்க சார். ஓய்வு நேரத்துல பந்து ஆடுவாங்க. தாடின்னு ஒருத்தன்தான் அவங்களுக்குத் தலைவன். நான் பேசிப் பார்க்குறேன்."

"உன் பொண்டாட்டி காதுல மட்டும் விழக்கூடாது."

"செத்தாலும் விழாது சார்."

அந்தப் பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனால், மனைவி செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணன் மட்டும் தனியா உட்கார்ந்து பார்த்தா நல்லாவா இருக்கும்? உங்க பசங்க வீட்டுக்கெல்லாம் போன் பண்ணிட்டேன். எல்லாப் பொண்டாட்டிங்களும் வராங்க."

"எல்லாருமா?"

"கதவு பொண்டாட்டிகூட லீவு போட்டுட்டு வரா. உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

சனிக்கிழமை தாடியும் ஆட்களும் கடை வேனிலேயே வந்து இறங்கினார்கள். எல்லோர் முதுகிலும் 'கட்டில், பீரோ, சோபா' என்று கொட்டை எழுத்தில் போட்ட கடைச் சட்டை. அதைப் பார்த்ததும் கதவுக்கு உயிரே போய்விட்டது.

"சார், என் பொண்டாட்டி தினமும் பார்க்குற சட்டை சார் இது!"

மேனேஜர் ஒரு நொடியில் முடிவெடுத்தார். "எல்லாரும் சட்டையை உள்பக்கமா திருப்பிப் போடுங்க."

அது இன்னும் மோசமாகப் போனது. மச்சான் முதல் வரிசையில் உட்கார்ந்த உடனே கேட்டார். "மாப்ளே, அந்த டீம் ஆளுங்க சட்டையெல்லாம் தையல் வெளியில தெரியுதே?"

"அது அவங்களுக்கு ராசி மச்சான்."

"வேனை வேற வாசல்லயே நிறுத்தியிருக்காங்க. சோபா படம் போட்டிருக்கு."

"ஸ்பான்சர்."

மச்சான் மரியாதையோடு தலையாட்டினார். பெண்கள் எல்லாம் பிஸ்கட் பாக்கெட்டும் கையுமாக ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தாடி பக்கத்தில் போகும்போதெல்லாம் கதவின் மனைவி அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். நல்ல நேரம், அடையாளம் தெரியவில்லை என்று மேனேஜர் பெருமூச்சு விட்டார். ஹால் வாட்ச்மேன் நடுவராக நின்று விசிலை ஊதினார்.

தாடியின் ஆட்கள் வினோதமாக ஆடினார்கள். கோல் பக்கம் பந்தை அடிக்கவே இல்லை. காலில் பந்து கிடைத்தால் பக்கத்துச் சுவரைப் பார்த்து ஓங்கி உதைத்தார்கள். முதல் உதையே சுவரில் மோதி, திரும்பி வந்து, கதவின் கால் நடுவில் புகுந்து கோலுக்குள் போய்விட்டது.

தாடி ஓடிவந்தான். "சார், சுவர்ல பட்டு வந்தாலும் கோல்தானா?"

"இங்க சுவரும் ஆட்டத்துல சேர்த்திதான்ப்பா."

"அடக் கடவுளே!" என்று தாடி தலையில் அடித்துக்கொண்டான்.

கோல் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிற ஆளை மேனேஜர் அதுவரை பார்த்ததில்லை. பிறகு அவர்கள் எதிர்ச் சுவரில் அடித்துப் பார்த்தார்கள். அதுவும் கோல். பின்பக்கமாக அடித்தார்கள். அது இரண்டு சுவரில் பட்டு, டாக்டரின் காலில் இருந்த கட்டின்மேல் பட்டு, கோல். பாதி ஆட்டத்துக்குள் நாலு கோல் விழுந்துவிட்டது. மேனேஜரின் அணி பக்கம் முட்டை.

மச்சானின் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு மெல்ல எட்டிப் பார்த்தது. மனைவி அண்ணனைப் பார்க்காமல் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் மேனேஜர் தாடியைத் தண்ணீர்க் குழாய் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "தம்பி, உன் காலைக்கூடப் பிடிக்குறேன். இன்னைக்கு மட்டும் தோத்துடுங்கப்பா. மானப் பிரச்சினை."

"தோக்குறதுக்கு நாங்க தயார்தான் சார்" என்றான் தாடி. அழாத குறை. "அதுக்கு உங்க ஆளுங்க பந்தைக் கொஞ்சம் தொடணும்ல?"

இரண்டாவது பாதியில் தாடியின் அணி அசையவே பயந்தது. ஒருவன் ஷூ லேஸ் கட்ட உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அவர்களுடைய கோல்கீப்பர் கோலைவிட்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டான். அப்படியும் நெட்டை இரண்டு முறை வெறும் கோலைத் தவறவிட்டான். வேறு வழியில்லாமல் தாடியே பந்தை ஓட்டிக்கொண்டு போய்த் தன் கோலில் போட்டான். "கால் வழுக்கிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே மூன்று முறை வழுக்கினான். நாலாவது கோலை நெட்டையே போட்டான். வாழ்க்கையில் முதல் கோல்! போட்டவன் நம்ப முடியாமல் அதே இடத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

நாலுக்கு நாலு. முடியப் போகும் நேரத்தில் டாக்டருக்குக் காலைப் பிடித்துக்கொண்டது. மாற்று ஆள் கிடையாது.

"என்னங்க, நீங்க இறங்குங்க!" மனைவியின் குரல்.

தொப்பையும் டிராக் சூட்டுமாக மேனேஜர் இறங்கினார். எங்கே நிற்பது என்று யோசித்துத் திரும்புவதற்குள், கதவு ஓங்கி அடித்த பந்து சுவரில் மோதி, அவர் முதுகில் டமாரென்று பட்டு, கோலுக்குள் போய் விழுந்தது.

வாட்ச்மேன் விசிலை ஊதினார். ஆறு பேரும் மேனேஜரைத் தூக்கினார்கள், தூக்க முடியாமல் கீழே போட்டார்கள், மறுபடியும் தூக்கினார்கள். மனைவி பெஞ்சுமேல் ஏறி நின்று விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். இப்படி ஒரு சந்தோஷத்தை அவர் எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை.

மச்சான் கம்பளத்தில் இறங்கி வந்து இறுகக் கட்டிக்கொண்டார். "மாப்ளே, அன்னைக்கு நான் பேசினது தப்பு. இதுதான்யா உத்தியோகம்! அடுத்த சனிக்கிழமை நம்ம சொந்தக்காரங்க மொத்தப் பேரையும் கூட்டிட்டு வரேன்."

"மொத்தப் பேரையுமா?" என்றார் மேனேஜர் ஈனக் குரலில்.

மச்சான் வேனைப் பக்கத்தில் போய்ப் பார்க்கக் கிளம்பினார். மேனேஜர் வலிக்கிற முதுகைத் தடவிக்கொண்டே கோல் வலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். போதும், இன்றைக்கு ராத்திரி மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தார். மனசு லேசாக இருந்தது.

அவர் அங்கே இருப்பதைக் கவனிக்காமல், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே தாடி பெண்கள் வரிசைக்கு வந்து, மேனேஜரின் மனைவி முன்னால் நின்றான்.

"அக்கா, நீங்க எல்லாரும் சொன்ன மாதிரியே எப்படியோ தோத்துட்டோம், அடுத்த சனிக்கிழமையும் வந்து தோக்குறோம். ஆனா டீம் கலைஞ்ச விஷயம் உங்களுக்கெல்லாம் முதல் நாளே தெரியும்னு உங்க வீட்டுக்காரங்ககிட்ட எப்பத்தான் சொல்லப் போறீங்க?"